பணியாரச் சட்டி ஆன டேப்பெட்: பழைய செவர்லே பிக்கப்பில் ஹெட்டும் கேமும் மாற்றிய கதை

எஞ்சின் வேலையை முடித்து நேற்றோடு 1000 மைல் ஓடி முடிந்தது. இன்று காலை ஆயில் ஃபில்டரைக் கழற்றி, தகட்டை அறுத்து, உள்ளே இருக்கும் காகிதத்தை மடிப்பு மடிப்பாக விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒரு மினுக்கம்கூட இல்லை. அதனால்தான் இதை எழுதும் தைரியம் வந்தது. முதல் தடவை 300 மைலில் இதே மாதிரி விரித்தபோது காகிதம் ஜிகினாத் தாள் போல மின்னியது.

வண்டி 1991 செவர்லே சி1500. இங்கே டெக்சாஸில் ட்ரக் என்றால் நம்ம ஊர் லாரி இல்லை, பின்னால் தொட்டி வைத்த பிக்கப். எஞ்சின் 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர், வி8, பெட்ரோல். கார்புரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இன்ஜெக்டர் உட்கார்ந்து மேலிருந்து பெட்ரோல் தெளிக்கும், டிபிஐ என்பார்கள். புதிதில் இதன் சக்தி 210 குதிரை. அடியில் நல்ல இழுவை உண்டு. ஆனால் 3500 ஆர்பிஎம் தாண்டினால் மூக்கில் பஞ்சு வைத்த மாதிரி திணறும்.

காரணம் ஹெட்டில், அதாவது வால்வுகள் இருக்கும் சிலிண்டர்களின் மேல் மூடியில் இருக்கிறது. வார்ப்பு எண் 193-ல் முடியும் அந்த ஹெட்டில், காற்று உள்ளே வரும் வழியில் வால்வுக்குச் சற்று முன்னால் ஒரு மேடு வைத்திருக்கிறார்கள். காற்றைச் சுழற்றிவிட அது. மெதுவாக ஓடும்போது நல்லது செய்யும், வேகம் எடுத்தால் அதுவே அடைப்பு. 1996-ல் இதே 350-க்கு வோர்டெக் என்ற புது ஹெட் வந்தது. வால்வு அளவு இரண்டிலும் ஒன்றுதான்: 1.94, 1.50 அங்குலம். எரி அறையும் அதே 64 சிசி. மாறியது காற்று போகும் வழி. அந்த ஹெட்டும் வேறு இன்ஜெக்‌ஷனுமாக வந்த எஞ்சின் 250 குதிரையைத் தாண்டியது. பழைய பிளாக்கில் புது ஹெட் அப்படியே உட்காரும் என்று தெரிந்ததும் எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டில், வெயிலில் நாலு மணி நேரம் குனிந்து, ஒரு ஜோடி ஹெட்டை நானே கழற்றினேன். ஒன்று 60 டாலர். வார்ப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 906 அல்லது 062 என்று இருக்க வேண்டும்; எனக்கு 062 கிடைத்தது. அங்கேயே பெட்ரோல் ஊற்றித் துடைத்துப் பார்த்தேன், விரிசல் எதுவும் தெரியவில்லை. மெஷின் ஷாப்பில் காந்தப் பொடி தூவிப் பார்த்தவர் பத்து நிமிஷத்தில் வெளியே வந்து, ஒரு ஹெட்டில் எக்ஸாஸ்ட் சீட்டிலிருந்து மயிரிழை போல ஓடும் கோட்டைக் காட்டினார். இந்த ஹெட்டுகளுக்கு அது பிறவிக் குணம். எஞ்சின் சூடேறித் தப்பித்த வண்டி என்றால் பெரும்பாலும் இருக்கும். திரும்பப் போய் இன்னொரு 60 டாலர். கண்ணால் பார்த்து ஹெட் வாங்கக்கூடாது, பொடி தூவித்தான் பார்க்க வேண்டும். சோதனை, வால்வு சீட், முகம் சமன் செய்தது எல்லாம் சேர்த்து 320 டாலர் ஆனது.

கேம் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு; அந்த மேட்டுக்கு லோப் என்று பெயர்) தேர்ந்தெடுத்ததில் பேராசைப்படவில்லை. டிபிஐ கம்ப்யூட்டருக்கு முரட்டுக் கேம் பிடிக்காது. வேக்குவம் (எஞ்சின் உள்ளே இழுக்கும் உறிஞ்சல்) குறைந்தால் ஐடிலிலேயே, அதாவது மிதிக்காமல் ஓடும்போதே குழம்பிவிடும். நான் எடுத்தது (இன்டேக்/எக்ஸாஸ்ட்): வால்வு திறந்திருக்கும் அளவு 0.050 அங்குலத்தில் அளந்தால் 204/214 டிகிரி, வால்வு தூக்கும் உயரம் 0.421/0.444 அங்குலம், லோப் இடைவெளி 112 டிகிரி. வோர்டெக் ஹெட்டில் தூக்கும் உயரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. சுமார் 0.470 தாண்டினால் ஸ்பிரிங் மேல் இருக்கும் ரிட்டெய்னர் கீழே இறங்கி வால்வு கைடின் சீலில் மோதும். புத்தகத்தை நம்பாமல் காலிபர் வைத்து அளந்தேன். எனக்கு 0.520 அங்குலம் இடம் இருந்தது. அதில் 0.444 போனால் மிச்சம் 0.076. குறைந்தது 0.050 போதும். ஸ்பிரிங் மட்டும் புதிது, 70 டாலர்.

கேமோடு கூடவே 16 புது டேப்பெட். லோபின் மேல் உட்கார்ந்து, புஷ்ராட் என்ற கம்பி வழியே ராக்கர் என்ற நெம்புகோலைத் தள்ளி வால்வைத் திறப்பது இதுதான். இந்த ஊரில் லிஃப்டர் என்பார்கள். சங்ககிரியில் லாரி பட்டறை வைத்திருக்கும் என் மாமா டேப்பெட் என்றுதான் சொல்வார், எனக்கும் அதுதான் வாயில் வருகிறது. தட்டை அடி டேப்பெட்டுக்கு ஒரு சட்டம்: பழையதைப் புதுக் கேமின் மேல் வைக்கவே கூடாது.

பிரிக்கும் வேலை ஒரு வார இறுதியில் முடிந்தது. ரேடியேட்டர், முன் கிரில், ஏசி கண்டென்சர் எல்லாம் வெளியே. ஏசி செத்து மூன்று வருஷம், அதனால் கேஸ் எடுக்கும் செலவு இல்லை. டெக்சாஸில் ஏசி இல்லாமலா என்று கேட்காதீர்கள், என் மனைவி தினமும் கேட்கிறாள். பிளாக்கில் தேங்கிய தண்ணீரை வடிக்கப் பக்கவாட்டில் இருக்கும் நாக் சென்சாரைக் கழற்ற வேண்டும். கழற்றினால் நேராக முழங்கை வழியாக அக்குள் வரை வரும். முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

முன்னால் இருக்கும் பேலன்சர் சக்கரத்தை மூன்று போல்ட் மாட்டும் புல்லர் வைத்துத்தான் இழுக்க வேண்டும். விளிம்பைப் பிடித்து இழுக்கும் மூன்று கால் புல்லர் போட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் கிழியும். கேமை உருவ, அதன் மூக்கில் இருக்கும் மூன்று துளையில் நீளமான 5/16 போல்ட் மாட்டிக் கைப்பிடி மாதிரி பிடித்துக்கொண்டேன். குழந்தையைத் தொட்டிலில் இருந்து தூக்குவது போல, கேம் பேரிங்கில் உரசாமல் அங்குலம் அங்குலமாக.

புதுக் கேம் உள்ளே போனது. அப்புறம் டேப்பெட்டுகள். எண்ணெய் தடவித் துளையில் விட்டால் தன் எடையில் தானே வழுக்கி இறங்க வேண்டும். 15 அப்படித்தான் இறங்கின. ஐந்தாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் டேப்பெட் மட்டும் பாதியில் நின்றது. மணி இரவு பத்து. ஸ்குரூடிரைவர் பிடியால் லேசாக ஒரு தட்டு தட்டினேன், இறங்கிவிட்டது. சரி, போய்த் தூங்கலாம் என்று விளக்கை அணைத்தேன். இந்த ஒரு தட்டைத்தான் பின்னால் மூன்று வாரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஹெட் இறுக்குவது சுலபம். ஒரு பக்கத்துக்கு 17 போல்ட், நடுவில் தொடங்கி வெளியே சுற்றிச் சுற்றி, 25, 45, 65 அடி-பவுண்டு என்று மூன்று சுற்று. இந்த எஞ்சினில் ஹெட் போல்ட் துளைகள் தண்ணீர் அறைக்குள் திறக்கின்றன. மரைக்குச் சீலண்ட் தடவாவிட்டால் தண்ணீர் மரை வழியே ஏறி மேலே வரும்.

பழைய இன்டேக் மேனிஃபோல்ட் (காற்றை ஹெட்டுகளுக்குப் பிரித்துவிடும் வார்ப்பு) புது ஹெட்டில் உட்காராது. பழையதில் 12 போல்ட், வோர்டெக்கில் 8. டிபிஐ உட்காரும்படி வார்த்த வோர்டெக் மேனிஃபோல்ட் ஒன்று 260 டாலருக்குக் கிடைத்தது. அந்த எட்டு போல்ட்டுக்கும் இறுக்கம் 11 அடி-பவுண்டுதான். என்னிடம் இருந்த அரை அங்குல டார்க் ரெஞ்ச் 20-க்குக் கீழே பேசாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சைக்கிளுக்கு வைத்திருந்த சின்ன ரெஞ்ச் கடன் வாங்கி 132 அங்குல-பவுண்டில் வைத்து இறுக்கினேன். முன்னும் பின்னும் வைக்கச் சொல்லிக் கொடுக்கும் கார்க் பட்டையைத் தூர எறிந்துவிட்டு, கால் அங்குலத் தடிமனில் சிலிக்கான் இழுத்தேன். கார்க் வழுக்கி வெளியே வந்துவிடும்.

ராக்கர் அட்ஜஸ்ட்: புஷ்ராடை இரண்டு விரலில் உருட்டிக்கொண்டே நட்டை இறக்கி, உருட்டல் லேசாகக் கனக்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து முக்கால் சுற்று.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் பம்பை டிரில் வைத்துச் சுற்றி ஆயில் ஏற்ற வேண்டும். நான் ஒரு நீள ஸ்குரூடிரைவரை டிரில்லில் மாட்டிச் சுற்றினேன். ஒரு பக்க ராக்கர்களில் மட்டும் ஆயில் வந்தது, மறுபக்கம் வறட்சி. அரை மணி நேரம் பம்பைச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் புரிந்தது: இந்த எஞ்சினில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பே ஒரு ஆயில் பாதையை மூடும் அடைப்பான். அது இல்லாத துளையில் ஆயில் வழிந்து ஓடிவிடும். அந்த வளையத்தோடு வரும் கருவி 25 டாலர். வாங்கிச் சுற்றியதும் இரண்டே நிமிஷத்தில் 16 ராக்கரிலும் ஆயில் பொங்கியது.

அடுத்துதான் பெரிய கூத்து. கிராங்கையும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கேமையும் இணைக்கும் டைமிங் செயின் போடும்போது கிராங்க் பல்சக்கரத்தின் புள்ளி மேலேயும் கேம் சக்கரத்தின் புள்ளி கீழேயும் ஒன்றையொன்று பார்க்க வைத்தேன், அது சரி. அப்படியே முதல் சிலிண்டருக்கு ரோட்டரை (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் முள்) திருப்பி டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டினேன், அது தப்பு. சாவியைத் திருப்பினால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பத்து நொடி, பதினைந்து நொடி, மறுபடி. எட்டாவது முறையோ என்னவோ, இன்ஜெக்டர்கள் உட்கார்ந்திருக்கும் த்ராட்டில் பாடி வழியாக நீல நெருப்பு ஒரு அடி உயரம் எழுந்தது. இரவு 11 மணி. ஊரில் காலை ஒன்பதரை. மாமாவுக்கு போன் போட்டேன்.

"மாமா, சுத்துதுங்க, ஆனா பிடிக்க மாட்டேங்குது. இன்டேக் வழியா நெருப்பு வருதுங்க."

"மார்க்கு எந்தச் சுத்துல வெச்ச மாப்ள?"

"புள்ளிக்குப் புள்ளி நேராத்தானுங்க வெச்சேன்."

"நேரா வெச்சது சரி. கேமு ஒரு சுத்து சுத்துனா கிராங்கு ரெண்டு சுத்து சுத்துமல்ல? உன் மொதல் சிலிண்டர் எந்தச் சுத்துல அமுக்குதுன்னு பிளக் ஓட்டையில வெரல வெச்சுப் பாத்தியா?"

பார்க்கவில்லை. புள்ளிகள் ஒன்றையொன்று பார்க்கும்போது வெடிக்கத் தயாராக இருப்பது ஆறாவது சிலிண்டர்; முதல் சிலிண்டர் அப்போது புகை தள்ளிக்கொண்டிருக்கும். டீசல் பம்ப் டைமிங்கில் தானும் ஒருதரம் இதே போல வைத்து, லோடு ஏற்றிய வண்டியை அரை நாள் நிறுத்தினதாக மாமா சொன்னார். அதைக் கேட்டதும் கொஞ்சம் நிம்மதி. கிராங்கை ஒரு முழுச் சுற்று திருப்பி, விரல் வைத்துக் காற்று தள்ளுவதைப் பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றி மாட்டினேன். அரைச் சுற்றில் பிடித்தது.

தட்டை டேப்பெட் கேமுக்கு முதல் 20 நிமிஷம்தான் ஆயுள் ரேகை. ஐடிலில் விடக்கூடாது, 2000-க்கும் 2500-க்கும் இடையில் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். கேமுக்கு ஆயில் கிடைப்பது கிராங்க் சுழன்று வாரி அடிப்பதில்தான், மெதுவாகச் சுற்றினால் போதாது. துத்தநாகம் கலந்த சேர்மானம் ஆயிலில் ஊற்ற வேண்டும். எல்லாம் செய்தேன். மறுநாள் கம்ப்யூட்டருக்கு டைமிங் மாற்ற விடாமல் அந்தப் பழுப்பு-கறுப்பு ஒயரைப் பிரித்துவிட்டு, டைமிங் லைட்டில் பூஜ்ய டிகிரி வைத்தேன். ஓட்டிப் பார்த்தால் வண்டியே வேறு. 4500 வரை தயங்காமல் ஏறியது. அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் பிரியாணி.

மூன்றாவது வாரம், காலையில் ஐடிலில் ஒரு டிக் டிக். வாரக் கடைசியில் ஆக்சிலரேட்டர் மிதித்தால் த்ராட்டில் பாடி வழியே 'புஸ்' என்று இருமல். பிளக், ஒயர், ஃபியூயல் பிரஷர் என்று சுற்றினேன். பிரஷர் 12 பிஎஸ்ஐ, குற்றமில்லை. கம்ப்ரஷனும் எட்டிலும் நெருக்கமாக இருந்தது. மறுபடி மாமா.

"எக்ஸாஸ்ட் தொறக்கலீன்னா பொகை வந்த வழியே திரும்பி வரும் மாப்ள. ராக்கரு எவ்வளவு ஏறி எறங்குதுன்னு அளந்து பாரு."

வால்வு கவரைக் கழற்றி, டயல் கேஜை ஒவ்வொரு புஷ்ராடின் தலையிலும் வைத்து, கிராங்கைக் கையால் சுற்றினேன். எக்ஸாஸ்ட் லோப் தூக்கும் உயரம் 0.296 வர வேண்டும் (வால்வில் 0.444, ராக்கர் விகிதம் ஒன்றரை). ஏழு சிலிண்டரில் 0.294, 0.295. ஐந்தாவதில் 0.198.

இன்டேக்கைக் கழற்றினால் ஹெட்டைத் தொடாமலே டேப்பெட்டை மேலே எடுத்துவிடலாம், அது ஒன்றுதான் ஆறுதல். ஐந்தாவது எக்ஸாஸ்ட் டேப்பெட்டை இழுக்கவே முரண்டு பிடித்தது. வெளியே வந்ததும் அடியைத் துடைத்துப் பார்த்தேன். புது டேப்பெட்டின் அடி தட்டை என்பது பேச்சுக்குத்தான். கண்ணுக்குத் தெரியாத அளவு வெளியே பிதுங்கி இருக்கும். இரண்டை அடியோடு அடி ஒட்டி வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் கீற்று தெரியும். என் கையில் இருந்ததோ பணியாரச் சட்டிக் குழி போல உள்ளே குழிந்து, ஓரம் கத்தி மாதிரி இருந்தது. கேமில் அதற்கு நேரான லோப் மூக்கு தேய்ந்து வட்டமாகிக் கிடந்தது.

அன்றிரவு முழுவதும் என்னை நானே திட்டிக்கொண்டேன். எட்டுத் தடவை வறட்டுச் சுற்று சுற்றி, கேமில் தடவிய பேஸ்டையெல்லாம் வழித்து எடுத்துவிட்டேன், அதனால்தான் தேய்ந்தது என்று முடிவு கட்டினேன். அதே கேம், அதே டேப்பெட் செட், இன்னொரு 150 டாலர். போட்டுவிட்டு இந்தத் தடவை டிஸ்ட்ரிபியூட்டரைச் சரியாக மாட்டினால் போதும் என்பதுதான் திட்டம்.

அப்படியே செய்திருந்தால் மறுபடி தேய்ந்திருக்கும். காப்பாற்றியது மகளின் வெள்ளை நெயில் பாலிஷ். டேப்பெட் வேலை செய்யும்போது மேலும் கீழும் மட்டும் போகாது, தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். லோபின் முகம் லேசான சாய்வாகக் கடையப்பட்டிருப்பதும் அடி பிதுங்கி இருப்பதும் அதற்குத்தான். சுற்றினால் தேய்மானம் பரவும், நின்றால் ஒரே இடத்தில் அரைக்கும். ஒவ்வொரு புஷ்ராடிலும் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டு, மச்சானை டிரில்லால் பம்பைச் சுற்றச் சொல்லி, நான் நீளக் கம்பி வைத்துக் கிராங்கைச் சுற்றினேன். 15 புள்ளிகள் மெல்ல நகர்ந்தன. ஒன்று மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. ஐந்தாவது, எக்ஸாஸ்ட். புது டேப்பெட், புது லோப், அதே துளை.

துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் மேல் விளிம்புக்குக் கீழே பழைய ஆயில் இறுகிய பழுப்பு வளையம், தொட்டால் கண்ணாடி போல வழவழப்பு. மூன்று தலைமுறை வறுத்த வாணலியின் ஓரம் மாதிரி. கார்புரேட்டர் கிளீனர் தெளித்து ஊற வைத்து, பச்சை ஸ்கிரப் துண்டை விரலில் சுற்றிக் கையாலேயே தேய்த்தேன். கீழே துகள் விழாமல் துணி அடைத்துக்கொண்டேன். நாற்பது நிமிஷம். 0.842 அங்குல டேப்பெட் கடைசியில் எண்ணெயில் வழுக்கித் தானே இறங்கியது. மறுபடி சுற்றினோம், 16 புள்ளியும் நகர்ந்தன. வறட்டுச் சுற்றுக்கும் பங்கு இருந்திருக்கலாம், ஆனால் முதல் குற்றவாளி அந்த வளையம். அன்றைக்கு ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டினேனே, அப்போதே அது சொன்னது.

முதல் சுற்றில் ஹெட், வேலைக்கூலி, ஸ்பிரிங், மேனிஃபோல்ட், கேம், கேஸ்கெட் செட் 95, செயின் 35, புது ஹெட் போல்ட் 40, ஆயில்-கூலண்ட் 110, கம்ப்யூட்டர் சிப் திருத்தி எழுத 120 என்று 1380 டாலர். இரண்டாவது சுற்றில் 300. ஆயில் ஏற்றும் கருவி தனி. இரும்புத் தூள் ஆயிலில் ஓடியிருக்கிறதே, பேரிங்கைப் பார்த்தாயா என்று மாமா கேட்டார். பார்க்கவில்லை. அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்க எஞ்சினைத் தூக்க வேண்டும். 50 மைலில் ஒரு தடவை, 300-ல் ஒரு தடவை ஆயில் மாற்றினேன். சூட்டில் 2000 ஆர்பிஎம்மில் ஆயில் பிரஷர் 40 பிஎஸ்ஐ காட்டுகிறது, அதைப் பார்த்துத்தான் மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

சிப் இல்லாமல் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். முழு மிதியில் பெட்ரோல் பற்றாமல் தயங்கியது, அதனால் அந்த 120 வீண் இல்லை. மைலேஜ் காலனுக்கு 13-லிருந்து 14-க்குக் கொஞ்சம் மேலே. ஹைவேயில் ஏறும் சாய்வில் டிரெய்லரோடு மூன்றாவது கியரிலேயே போகிறேன்.

மறுபடி செய்வதாக இருந்தால் இந்த வழியே வேண்டாம். 1996-க்குப் பிந்தைய வண்டியிலிருந்து முழு எஞ்சினாக வாங்கிவிடுவேன். அதில் ஹெட்டும் உண்டு, கம்பெனியிலேயே உருளை வைத்த ரோலர் டேப்பெட்டும் உண்டு, தேய்மான வம்பே கிடையாது. என் பிளாக்கிலும் ரோலருக்கான மேடு வார்த்திருக்கிறார்கள், ஆனால் மரை போடாமல் விட்டிருக்கிறார்கள். தட்டைக் கேம்தான் என்றாகிவிட்டால், பழைய டேப்பெட்டை எடுத்த அன்றே 16 துளையையும் தேய்த்து, நெயில் பாலிஷையும் முதலிலேயே எடுத்து வைப்பேன்.

குழிந்த டேப்பெட்டை மாமா ஊருக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், பட்டறையில் பையன்களுக்குக் காட்ட வேண்டுமாம். டைமிங் கவரின் கீழ் மூலையில், சம்ப் கேஸ்கெட்டோடு சேரும் இடத்தில், இரவில் ஒரு சொட்டு கசிகிறது. அதற்காக மூன்றாவது தடவை ரேடியேட்டரைக் கழற்ற மனசில்லை. இப்போதைக்கு அடியில் ஒரு அட்டை விரித்து வைத்திருக்கிறேன்.